வயரைக் கழற்றினேனா?

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவளுக்கு டார்ச்சு என்று பேர் விழுந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் செல்போன் வெளிச்சத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருக்க, இவள் மட்டும் வீட்டிலிருந்து ஒரு பெரிய டார்ச் விளக்கை எடுத்து வந்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். ஸ்டோர் கீப்பர் அதை டார்ச்சர் என்பதன் சுருக்கம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். கேள்வி கேட்டே ஆளை அரித்துவிடுவாள், அதனால் அந்த மனுஷனையும் குற்றம் சொல்ல முடியாது.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. பட்டம் வாங்கிய ஈரம் காயாத ஐந்து பேரை ஒரே நாளில் எடுத்தார்கள். அந்த ஐந்து பேரும் ஒரே வேலைக்கு வந்தவர்கள் என்று சொன்னால் அது பொய். ஒருத்தன் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்காக வந்தவன். முதல் நாளே அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினான். அட்டையில் கிரீஸ் பட்டதும் மனசு விட்டுப்போய் வேலையிலிருந்து நின்றுகொண்டான். இன்னொருவனுக்குத் தன்னை ‘சார்’ என்று கூப்பிட நாலு பேர் வேண்டும். லிஃப்ட் யாரையும் சார் என்று கூப்பிடாது. அவனும் போனான். மூன்றாவது ஒரு பெண். ‘எனக்கு வேலை பிடிக்கணும்னெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, சம்பளம் பிடிச்சா போதும்’ என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். கூடக் கொடுக்கிற இடம் கிடைத்ததும் கிளம்பினாள். இன்றைக்கும் சௌக்கியமாகத்தான் இருக்கிறாள். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவளை நக்கல் செய்ய நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மிஞ்சியது டார்ச்சும் நெட்டையனும்.

நெட்டையன் என்றால் அப்படி ஒரு நெட்டை. லிஃப்ட் மோட்டார் இருக்கும் மெஷின் ரூம் கூரைகள் எல்லாம் தாழ்வாக இருக்கும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் தலையில் ஒரு வீக்கத்தோடு திரும்பி வருவான். ஒரு வேலையைத் தொட்டால் அதை முழுசாக முடிக்காமல் நகர மாட்டான். போல்ட்டை முடுக்கிய பிறகு அதில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான், அடுத்த தடவை வரும்போது அது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகவே செய்தான். டார்ச்சுக்கு அந்தக் கோடுகளைப் பார்த்தாலே ஒரு தெம்பு.

அவளுக்கு இந்த வேலையில் என்ன பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு நாள் முழுக்க ஒரு கட்டடத்தில் ஒருத்தர்கூட லிஃப்ட்டைப் பற்றி நினைக்காமல் ஏறி இறங்கினால் அது அவளுக்கு நல்ல நாள். இதைப் போய் அம்மாவிடம் சொன்னால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டா இருப்பாள்?

“பொண்ணு எஞ்சினியர்னு வாய் வலிக்கச் சொல்லிட்டிருக்கேன். நீ என்னடான்னா பாதாளத்துல இருந்து எழுந்து வந்த மாதிரி வந்து நிக்கிற. அக்காவைப் பாரு, பேங்க்ல ஏசியில உக்காந்திருக்கா.”

“அக்காவும் லிஃப்ட்டுலதாம்மா மேல போறா.”

“இதுக்கெல்லாம் ஒண்ணும் குறைச்சல் இல்ல.”

இனி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. லிஃப்ட்டுக்கு மாடிக்கு மாடி ஒரு கதவு உண்டு, அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு உண்டு. எல்லாக் கதவும் மூடிப் பூட்டு விழுந்தால்தான் மின்சாரம் ஓடும், லிஃப்ட் நகரும். ஆனால் பழுது பார்க்கும்போது சில நேரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டி வரும். அப்போது மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய், அங்குள்ள மின்சாரப் பேனலில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு வயரைச் செருகுவார்கள். அதற்கு ஜம்பர் என்று பேர். அது இருக்கிற வரைக்கும் எல்லாக் கதவும் மூடியிருக்கிறது என்றே லிஃப்ட் நினைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால், கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பும். ஆள் ஒரு காலை உள்ளே வைத்து மறு காலைத் தூக்கும் நேரத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கப் போவதில்லை.

இந்த மறதிக்குப் பயந்து அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தரும் தன் ஜம்பரை ஒரு நீளக் கயிற்றால் தன் கருவிப் பையின் காதோடு கட்டி வைத்திருப்பார்கள். வயர் பேனலில் இருக்கும்போது பையைத் தூக்கினால் கயிறு இழுக்கும். பை இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போகப்போவதில்லை அல்லவா? அவ்வளவுதான் ஏற்பாடு. அதை மீறி ஒருத்தரும் மறந்ததில்லை.

மூன்று பேர் போன பிறகு அவர்கள் பார்த்த கட்டடங்களை எல்லாம் மிச்சம் இருந்தவர்கள் தலையில் கட்டினார்கள். ஒரு நாளில் செய்ய முடியாத வேலையை ஒரு நாளில் செய்யச் சொன்னார்கள். “முழுசா எதுக்குப்பா? எட்டிப் பாத்துட்டு வந்துடு” என்பார் மேனேஜர். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்.

நெட்டையனுக்கு எட்டிப் பார்க்க வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் டீக்கடையில் வைத்துச் சொன்னான்: “நான் ராஜினாமா பேப்பர் போட்டுட்டேன் டார்ச்சு. இப்ப நாம செய்யறது வேலையே இல்ல. வேலை செய்யற மாதிரி நடிக்கிறோம். எனக்கு நடிப்பு வராது.”

“அப்ப நான் நடிக்கிறேனா?”

“நீ எப்படியோ தாங்குற. என்னால முடியல.”

அவளுக்குச் சுருக்கென்றது. டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

அவன் போனதும் அலுவலகத்தில் ஓர் அலமாரி காலியானது. ஆள் போனாலும் கட்டடங்களில் அவன் இருந்துகொண்டேதான் இருந்தான். அவனுடைய கட்டடங்களில் பாதி அவள் பங்குக்கு வந்தது. ஏதாவது ஒரு மெஷின் ரூமின் இரும்புக் கதவைத் தள்ளினால், போல்ட்டுகளில் அவன் சாக்பீஸ் கோடுகள், உத்தரத்தில் அவன் தலை இடித்த இடத்தில் அவனே ஒட்டி வைத்த பழைய ரப்பர் துண்டு. உள்ளே இன்னொருத்தர் நின்றுகொண்டு தன்னைப் பார்ப்பது போலிருக்கும் அவளுக்கு. சில நாள் திரும்பிக்கூடப் பார்த்தாள்.

மழைக்காலம் முடியும் சமயம். ஒரு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது அவனிடமிருந்து போன் வந்தது.

“டார்ச்சு, ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டியே?”

“நீ பேசினாலே சிரிப்புதான். கேளு.”

“கடைசி நாள் அன்னிக்கி... வயரைக் கழட்டினேனான்னு ஞாபகம் இல்ல.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “பையில கட்டியிருப்பியே?”

“பைதான் இல்லையே. காலையிலேயே பையை ஒப்படைச்சாத்தான் ரிலீவிங் லெட்டர் குடுப்பேன்னு ஸ்டோர்ல பிடிவாதம். சரின்னு குடுத்துட்டு, ரெண்டு ஸ்பானரை இரவல் வாங்கிகிட்டு, கழிவு வயர்ல ஒரு துண்டை வெட்டி ஜேப்புல போட்டுகிட்டுப் போனேன். இப்ப அந்தச் சட்டையை எடுத்துப் பாத்தேன். ஜேப்புல இல்ல.”

“வழியில எங்கயாவது விழுந்திருக்கும்டா.”

“விழுந்திருக்கலாம். விழலேன்னா?”

அன்றைக்கு அவன் போன கட்டடங்கள் நாலு. மேனேஜரிடம் போய் நின்றாள். “போனவன் பேச்சைக் கேட்டு லிஃப்ட்டை எல்லாம் நிறுத்தச் சொல்றியா? வேலையை விட்டவனுக்குக் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். வீட்டைப் பூட்டினோமான்னு பாதி வழியில திரும்பிப் பாக்குறதில்லையா, அந்த மாதிரி” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, “சாப்பாட்டு நேரத்துல வேணா போய்ப் பாத்துக்க. நான் வேண்டாம்னு சொல்லல” என்றார்.

பட்டினி கிடந்து நாலையும் பார்த்தாள். நாலிலும் வயர் இல்லை. அவனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. “பேனலுக்குப் பின்பக்கம் பாத்தியா?” என்றான். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மறுநாள் மறுபடியும் போன். புது இடத்தில் சம்பளம் கூட, ஏசி கூட, தூக்கம் மட்டும் போச்சு என்றான். கண்ணை மூடினால் ஒரு கதவு திறக்கிறதாம். அதற்குப் பின்னால் லிஃப்ட் இல்லையாம்.

“நீ ஒரு டாக்டரைப் பாரு.”

“பாத்தேன். வேலைப் பளுவான்னு கேட்டார். வேலையே இல்ல சார், அதான் பிரச்சனைன்னேன். மாத்திரை எழுதிக் குடுத்தார்.”

இந்த மாதிரி பேச்சு தொற்றிக்கொள்ளும். அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது லிஃப்ட் கதவு திறந்ததும் டார்ச்சு அப்படியே நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் உள்ளே நீட்டி அழுத்திப் பார்த்தாள்.

“என்னடி இது, ஆத்துல இறங்குற மாதிரி காலை விட்டு ஆழம் பாக்குற?” என்றாள் அக்கா. சிரித்துவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “போதும் இந்த வேலை. எங்க பேங்க்ல ஆள் எடுக்கறாங்க. நான் பேசட்டுமா?”

‘பேசு’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. போய்விடலாம், நிம்மதியாக நாற்காலியில் உட்காரலாம், யார் உயிரும் தன் கையில் இல்லாத ஒரு வேலை. ஆனால் போனால் அந்தப் பயம் கூடவே வராது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? நெட்டையன் போனானே, அவனை விட்டதா? அக்காவிடம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

யோசித்து முடிப்பதற்குள் ஒரு காலை கண் ஆஸ்பத்திரியிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. எடுத்தது டார்ச்சு. எதிர்முனையில் அங்குள்ள நர்ஸ் ஒருத்தி.

“பெரிசா ஒண்ணும் இல்ல மேடம். லிஃப்ட் கொஞ்சம் அவசரப்படுது.”

“அவசரப்படுதுன்னா?”

“கதவு மூடறதுக்குள்ளயே கிளம்புது. எப்பவும் இல்ல, எப்பவாவது ஒரு தடவை.”

டார்ச்சு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அந்தக் கட்டடம் நாலில் இல்லை. யாருடைய பங்கிலும் இல்லை. நெட்டையன் போனதும் அவன் கட்டடங்களைப் பங்கு போட்டபோது விடுபட்டு, மழைக்காலம் முழுக்க யாரும் எட்டிக்கூடப் பார்க்காமல் கிடந்தது. “யாரையும் ஏத்தாதீங்க, இப்பவே வரேன்” என்று கத்தினாள். “ஆபரேஷன் முடிஞ்சவங்க இறங்கணுமே மேடம்” என்று அந்தப் பெண் இழுத்தாள். அதற்கு மேல் பேச நேரமில்லை.

மேனேஜரிடம் சொல்லாமலேயே ஸ்கூட்டரை எடுத்தாள். கீழ்த்தளத்தில் வாட்ச்மேனை லிஃப்ட் வாசலில் குறுக்கே நிற்க வைத்துவிட்டுப் படியேறி ஓடினாள். இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்தபோது லிஃப்ட் கதவு திறந்திருந்தது. இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்ட ஒரு பெரியவர், மகளின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, உள்ளே போவதற்குக் காலைத் தூக்கினார்.

“நில்லுங்க!”

பெரியவர் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றார். “என்னம்மா? கீழ பள்ளமா?” என்றார்.

 எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கதவு அகலத் திறந்திருக்கும்போதே, உள்ளே ஆளே இல்லாத லிஃப்ட் ஒரு முழம் மேலே ஏறி நின்றது. லிஃப்ட்டின் தளத்துக்கு அடியில் இருட்டு தெரிந்தது. மகள் அப்பாவைப் பின்னால் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“ஒண்ணும் இல்லைங்கய்யா. லிஃப்ட் ரிப்பேர். படியில போயிடலாம்” என்றாள் டார்ச்சு. 

மேலே போய் மெயினை அணைத்தாள். பேனலைத் திறந்தாள். கதவுப் பூட்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பச்சைத் துண்டு வயர். கயிறு கிடையாது. கழிவிலிருந்து வெட்டியது, ஒரு முனை கோணலாக இருந்தது. அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  பக்கத்தில் ஒரு போல்ட்டில் சாக்பீஸ் கோடு, புதிதாகப் போட்டது போல.

வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “என்னம்மா ஆச்சு? அந்த நெட்டைத் தம்பி பாத்துட்டுப் போனதுக்கப்புறம் இங்க யாரும் வரவே இல்லையே.”

“அவன் எப்ப வந்தான்?”

“அதுக்குக் கடைசி நாளாமே, அன்னிக்கி சாயங்காலம். நாங்க யாரும் கூப்பிடல. வீட்டுக்குப் போற வழியில வந்துச்சு. இந்த லிஃப்ட்டுல ஒரு சத்தம் ரொம்ப நாளா மனசுல கிடக்குது, அதைச் சரி பண்ணாமப் போனா எனக்குத் தூக்கம் வராதுன்னு சொல்லிச்சு. நல்ல புள்ள.”

நல்ல பிள்ளைதான். வேலை முடிந்து, கணக்கெல்லாம் தீர்ந்து, யாரும் கேட்காத ஒரு வேலையைத் தன் மனசுக்காகச் செய்ய வந்தவன். அதனால்தான் அந்தக் கட்டடம் அவன் ஞாபகத்தில் வேலையாகவே பதியவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவனாக இருந்திருந்தால் இந்த வயர் இங்கே வந்திருக்காது. இதை நினைத்தபோது டார்ச்சுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

அவனுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். எப்போதும் அப்படித்தான், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பான்.

“சொல்லு டார்ச்சு.”

அவள் வாயைத் திறந்தபோது வேறு வார்த்தை வந்தது. “எல்லா இடத்துலயும் பாத்துட்டேன்டா. எங்கயும் இல்ல. நீ கழட்டிட்ட.”

 அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளாக அவள் கேட்காத சிரிப்பு. “சத்தியமா?”

“ம்.”

“அப்ப நான் கழட்டிட்டேன். பாத்தியா, எனக்குத் தெரியும், நான் மறக்கற ஆளே கிடையாது. ஐயோ டார்ச்சு, உனக்குக் கோயில் கட்டணும்.” அவன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனான். “கேளு, நான் திரும்பி வந்துடட்டுமா? அங்க ஆள் இல்லாமத்தானே தவிக்கறீங்க? இங்க நான் என்ன செய்யறேன்னு எனக்கே தெரியல. அங்க ஒரு லிஃப்ட் ஒழுங்கா ஓடினா நான் ஓட வெச்சேன்னாவது இருக்கும். என் கையை நானே நம்பாமத்தான் இத்தனை நாள் கேக்கல. இப்பதான் தெரிஞ்சுபோச்சே.”

டார்ச்சு கையிலிருந்த வயரைப் பார்த்தாள். இவன் வர வேண்டும் என்றுதான் அவளுக்கும் ஆசை. போல்ட்டில் கோடு போடுகிற கை வேண்டும். ஆனால் மறக்கவே மாட்டேன் என்று நம்பிக்கொண்டு வருகிறவனை அவள் எந்தக் கட்டடத்துக்கு அனுப்புவாள்? இந்தப் பொய்யோடு அவனை அனுப்பிவிட்டு அவள் எங்கே தூங்குவாள்? கீழே படியில் அந்தப் பெரியவர் ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

“டேய்.”

“என்ன?”

“பொய் சொன்னேன். கிடைச்சுது. கண் ஆஸ்பத்திரியில.”

“கண் ஆஸ்பத்திரியா?”

“நீ சத்தம் கேக்குதுன்னு வந்தியே, அங்கதான். பச்சை வயர். என் கையில இருக்கு.”

“யாருக்காவது...?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகியிருக்கும். இன்னிக்கு ஆகியிருக்கும்.”

“யாரு ஏறினா?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். “ரெண்டு கண்லயும் கட்டுப் போட்ட ஒரு பெரியவர்” என்றாள். அவன் அழுகிற சத்தம் கேட்டது. பெரிய ஆள் அழுகிற அழுகை, கேட்கச் சகிக்காது. அவள் போனை வைக்கவில்லை. அழுது ஓயட்டும் என்று காத்திருந்தாள்.

“இப்ப வரணும்னா வாடா. இது தெரிஞ்சுகிட்டு வரதா இருந்தா வா.”

லைன் அறுந்து போயிற்று.

அவள் நேராக மேனேஜரிடம் போய் மேசை மேல் அந்த வயரை வைத்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். மனுஷர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அன்றைக்கே உட்கார்ந்து யாருக்கு எந்தக் கட்டடம் என்று புதிதாகப் பிரித்தார், மேலிடத்துக்குப் போன் போட்டு ஆள் இல்லாமல் இனி முடியாது என்று முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். எட்டிப் பார்த்துவிட்டு வா என்ற வார்த்தை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரவில்லை.

“அவன் வந்தா எடுத்துக்கணும் சார்” என்றாள் டார்ச்சு.

“என்னம்மா பேசற? இது தெரிஞ்சுமா?”

“அவனுக்கும் தெரியும் சார். அதனாலதான் கேக்கறேன்.”

நாள்கள் போயின. அவன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. தப்புச் செய்துவிட்டோமோ என்று அவள் புழுங்கிப்போனாள். அக்கா மறுபடி பேங்க் பேச்சை எடுத்தபோது, “இல்லக்கா, வேண்டாம்” என்று மட்டும் சொன்னாள். “அப்படி என்னடி அந்த வேலையில இருக்கு?” என்று அக்கா கேட்டதற்கு, டார்ச் விளக்கை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

பிறகு ஒரு காலை வந்து நின்றான். பாதியாக இளைத்திருந்தான். மேனேஜர் தலையசைக்க, ஸ்டோர் கீப்பர் ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். கயிறு கட்டி வைத்திருந்தார். நெட்டையன் முதல் வேலையாகக் கண் ஆஸ்பத்திரியை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

இப்போது புதுப் பட்டதாரிகள் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். அவர்கள் இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள். வேலை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது போல என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். டார்ச்சு மறுத்துப் பேசுவதில்லை. மாதா மாதம் நெட்டையன் கண் ஆஸ்பத்திரிக்குப் போவான், லிஃப்ட்டில் ஏறாமல் படியேறி மேலே போய் வேலையைப் பார்ப்பான். அவன் முடித்துவிட்டுப் போன பிறகு அவள் தனியாகப் போய், பேனலைத் திறந்து, அந்த இரண்டு முனைகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். அவனுக்குத் தெரியாமல்தான் செய்கிறோம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அவள் சாவி கேட்டபோது வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

“சாவியைத் திருப்பி உள்ள வெக்கலம்மா. அந்தத் தம்பி எப்பவும் சொல்லிட்டுத்தான் போகும், பின்னாடியே நீங்க வருவீங்கன்னு.”